பால் பைத்தான் (வீட்டுல வளர்க்கற மலைப்பாம்பு) விற்பவர் உண்மையான ஆளா? அட்வான்ஸ் போடும் முன் உதவி வேணும்

கேள்வி:
பைட் மார்ஃப் (வெள்ளை உடம்புல நிறத் திட்டு இருக்கற ரகம்) பால் பைத்தான் குட்டி, மத்தவங்க சொல்ற விலையில பாதிக்கும் கீழே. நேர்ல வர வேண்டாம், அனுப்பி வைக்கிறேன்னு சொல்றார். நம்பிக்கைக்குன்னு அடையாள அட்டை படம் அனுப்பினார். ஆனா பணம் போடச் சொல்ற கணக்கு வேற பேர்ல இருக்கு. கேட்டா "அண்ணன் கணக்கு"ங்கிறார். அவர் தந்த 3 படத்தையும் கூகுள் லென்ஸ்ல போட்டுத் தேடினேன், வேற எங்கயும் அதே படம் சிக்கலை. அட்வான்ஸ் அனுப்பலாமா?

பதில் 1:
அனுப்பாதீங்க. அட்டை படம் எதையும் நிரூபிக்காது. ஏற்கெனவே ஏமாந்த ஒருத்தரோட அட்டையாகூட இருக்கலாம். பதிலுக்கு உங்க அட்டையைக் கேட்டா தராதீங்க, அடுத்தவங்களை ஏமாத்த அதுதான் போகும்.

லென்ஸ்ல சிக்கலைங்கிறதால படம் அவரோடதுன்னு ஆகாது. திருடின படத்தை இடம் வலமா புரட்டி, வாட்டர்மார்க் இருந்த ஓரத்தை வெட்டிட்டுப் போடுவாங்க. நீங்க அதைத் திரும்பப் புரட்டி, பாம்பு மட்டும் தெரியற மாதிரி வெட்டித் தேடுங்க. அப்புறம் 3 படத்தையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. பைட் பாம்போட வெள்ளை உடம்புல வர்ற நிறத் திட்டுகள் ஒவ்வொரு பாம்புக்கும் வேற. கழுத்துக்குப் பின்னாடி முதல் திட்டு எங்க முடியுது, அடுத்தது எங்க தொடங்குதுன்னு பாருங்க. இடது பக்கத்தை இடது பக்கத்தோடதான் ஒப்பிடணும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. பொருந்தலைன்னா படங்கள் வேற வேற பாம்போடது.

பதில் 2:
பெற்றோர் படத்தையும் கேளுங்க. பைட் ஒடுங்கு மரபணு. தாய், தகப்பன் ரெண்டும் பைட்டாவோ ஹெட் பைட்டாவோ (பார்க்க சாதாரணம், ஆனா பைட் மரபணு ஒரு பிரதி இருக்கற பாம்பு) இருந்தாதான் பைட் குட்டி வரும். "தகப்பன் பைட், தாய் சாதாரணம், ஹெட் எல்லாம் இல்லை"ன்னு சொன்னா அந்தக் குட்டியை அவர் பொரிச்சிருக்க முடியாது.

பிறகு வீடியோ கால். பழைய வீடியோவைக் கால்ல ஓடவிடறவங்க இருக்காங்க, அதனால பேசிட்டிருக்கும்போதே திடீர்னு கேளுங்க: பக்கத்துல ஒரு ஸ்பூன் வைங்க, வயிற்றுப் பக்கம் காட்டுங்க, தராசுல வைங்க. பாம்பு கையில இருக்கறவருக்கு இது 2 நிமிஷ வேலை. கடைசியா எப்ப சட்டை உரிச்சது, என்ன இரை, எத்தனை கிராம்னும் கேளுங்க.

இன்னொண்ணு: உங்க கூண்டுல சூடு எவ்வளவு, ஒளிஞ்சுக்க இடம் இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்காதவர் நிஜமான ஆளா இருந்தாலும் அவர்கிட்ட வாங்க வேண்டாம்.

கேட்டவர்:
கேட்டேன். கேமரா ரிப்பேராம். இப்ப சைட்டிஸ் (வனவிலங்கு வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) பெர்மிட்டுக்கும் சூடு காக்கற பெட்டிக்கும் தனியா பணம் போடணுமாம், பாம்பு வந்ததும் திருப்பித் தருவாராம். உள்நாட்டுல இருந்துதான் அனுப்பறார்.

பதில் 1:
அப்ப மோசடியேதான். பால் பைத்தான் சைட்டிஸ் 2-ஆம் பட்டியல்ல இருக்கு. அந்தப் பெர்மிட் நாட்டு எல்லை தாண்டும்போதுதான் தேவை, அதையும் அனுப்பறவர் முன்கூட்டியே வாங்கி வெச்சிருக்கணும். உள்ளூர்ல வளர்க்க உரிமம் வேணுமான்னு வனவிலங்குத் துறையிலேயே நேரா கேளுங்க. பெட்டிக்குக் கட்டினா அடுத்து இன்சூரன்ஸ், அதுக்கு அடுத்து தடுப்பூசின்னு நீளும். பாம்புக்கு அப்படி வழக்கமான தடுப்பூசியே கிடையாது.

பிளாக் பண்றதுக்கு முன்னாடி அரட்டை, ஃபோன் எண், கணக்கு எண், புரொஃபைல் லிங்க் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தத் தளத்துலயும் காவல்துறையிலயும் புகார் கொடுங்க. ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தா இப்பவே வங்கிக்கு ஃபோன் போடுங்க. "பணத்தை மீட்டுத் தர்றோம், கட்டணம் மட்டும் கட்டுங்க"ன்னு யாராவது வந்தா பதிலே போடாதீங்க.