1950-களின் பருத்தி கவுன்: எந்த அளவைப் பார்த்து வாங்குவது?

கருநீலம் கேட்டது:

வணக்கம். நான் லண்டனில் வசிக்கிறேன். 1950-களில் இங்கிலாந்தில் தைக்கப்பட்ட பருத்தி கவுன்கள் மீது எனக்கு நெடுநாள் விருப்பம் உண்டு. குறிப்பாக, ஹாராக்ஸஸ் ஃபேஷன்ஸ் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட, பெரிய பூக்கள் அச்சிட்ட, இடுப்பில் இறுகி அதன்கீழ் அகன்று விரியும் வகை. கோடையில் வரும் ஒரு திருமண வரவேற்புக்கும், அதன்பின் அலுவலகத்துக்கும் அணியத்தக்க ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். போர்ட்டோபெல்லோ சாலையில் வெள்ளிக்கிழமைகளில் கூடும் பழைய உடைச் சந்தையில் அணிந்து பார்த்தவற்றில், மார்பு பொருந்தினால் இடுப்பில் ஜிப் ஏறவில்லை; இடுப்பு பொருந்தினால் தோள் இறங்கி நிற்கிறது. என் அளவுகள் மார்பு 36, இடுப்பு 30, இடுப்புக்குக் கீழ்ச்சுற்று 39 அங்குலம். அளவுச் சீட்டில் ஒரே எண் உள்ள இரண்டு கவுன்கள்கூட ஒத்துப்போவதில்லை. எந்த அளவை முதன்மையாகக் கொண்டு வாங்க வேண்டும், எதைத் தையல்காரரிடம் விட்டுவிடலாம்?

ஊசிநூல் எழுதியது:

அளவுச் சீட்டை முற்றிலும் மறந்துவிடுங்கள். 1958-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட அளவுத் தரத்தில் 8 என்ற எண்ணுக்கு மார்பு 31 அங்குலம், இடுப்பு இருபத்துமூன்றரை அங்குலம் என்றிருந்தது. இன்று அதே எண்ணோடு கடையில் தொங்கும் உடை அதைவிடப் பல அங்குலம் பெரியது. பிரிட்டிஷ் நிறுவனங்களோ அக்காலத்தில் தத்தம் கணக்கில் எண் போட்டன. ஆகவே இஞ்ச் டேப் ஒன்றையே நம்ப வேண்டும்: உடையைத் தட்டையாக விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரையும், இடுப்புத் தையலின் குறுக்கேயும் அளந்து இரண்டால் பெருக்குங்கள். உங்களுக்கு மார்பில் 38, இடுப்பில் 31 இருந்தால் மூச்சுவிடவும் உட்காரவும் போதுமான இடம் கிடைக்கும். பாவாடைப் பகுதி அகன்று விரிவதாக இருந்தால் கீழ்ச்சுற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

எதை மாற்றலாம் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: தோளையும் கைக்குழியையும் பொருத்தமாக இருக்கும்படி வாங்குங்கள், இடுப்பைத் தையலில் சரிசெய்யுங்கள். தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கையைப் பிரித்து, கைக்குழியை மறுபடி வெட்டி, கையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பழைய துணியில் அந்த வேலையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இடுப்போ பக்கத் தையலைப் பிரித்துவிட்டால் இளகும். நம் ஊரில் ரவிக்கைக்கு உள்ளே துணி விட்டு இரண்டு மூன்று தையல் போடுவார்களே, அதுபோல வீட்டில் தைத்த பழைய கவுன்களில் தாராளமாகத் துணி விட்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தொழிற்சாலையில் தைத்தவற்றில் அது குறைவு. இரு பக்கத் தையல்களிலும், தையலின் இரு ஓரங்களிலும் அரையரை அங்குலம் பிரித்துவிட முடிந்தால் மொத்தம் இரண்டு அங்குலம் கிடைத்துவிடும். அக்கால ஜிப் பெரும்பாலும் இடப் பக்கத்தில் உலோகத்தில் இருக்கும் என்பதால், அந்தப் பக்கத்தைப் பிரிக்கும்போது ஜிப்பையும் கழற்றித் திரும்பத் தைக்க வேண்டியிருக்கும். கூலி பேசும்போது இதையும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் உடல்வாகுக்கு இன்னொரு வழியும் உண்டு. கையைத் தனியாக வெட்டி இணைக்காமல் மேலுடலோடு சேர்த்தே வெட்டிய கிமோனோ கை அந்தப் பத்தாண்டில் மிகவும் வழக்கத்தில் இருந்தது. தோள் தையல் ஓர் இடத்தில்தான் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லாததால், இடுப்புக்குப் பொருந்தும் அளவை எடுத்தாலும் தோள் தொங்குவதாகத் தெரியாது.

பஞ்சுப்பொதி எழுதியது:

ஊசிநூல் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் மறுக்கிறேன். பிரித்துவிடுவது எல்லாத் துணிக்கும் ஆகாது. வெயிலிலும் சலவையிலும் வெளிப்புறம் வெளிறியிருக்க, தையலுக்குள் மறைந்திருந்த பகுதி புது நிறத்தோடு இருக்கும். பிரித்தவுடன் பக்கவாட்டில் ஒரு கோடு போலத் தெரியும், பழைய தையல் துளைகளும் மறையாமல் நிற்கும். சிறு பூக்கள் நெருங்கிய அச்சில் இது கண்ணில் படாது, ஒற்றை நிறத் துணியில் தப்பாமல் படும். ஆகையால் வாங்குமுன் உட்புறத்தைத் திருப்பி இரு நிறங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அக்குள் பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். வியர்வை அரித்த நூல் கண்ணுக்கு முழுமையாகத் தோன்றினாலும் முதல்முறை கையை உயர்த்தும்போதே கிழிந்துவிடும், கிமோனோ கையில் இழுப்பு முழுவதும் அந்த இடத்திலேயே விழுகிறது. அக்குளில் சாய்சதுரத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்திருந்தால் அது நல்ல வேலைப்பாட்டின் அடையாளம். ரேயான் கிரேப் (செயற்கை இழையில் நெய்த, பரப்பில் சுருக்கம் உள்ள துணி) என்றால் தண்ணீரில் நனைக்கவே வேண்டாம். சுருங்கிப்போகும், நனைந்த நிலையில் வலுவும் குறையும். நீங்கள் பருத்தியைத் தேர்ந்தெடுத்திருப்பது இந்த வகையில் நல்லது.

தேடும்போது இரண்டு சி எழுத்துகளும் 41 என்ற எண்ணும் கொண்ட முத்திரை கண்ணில் பட்டால், அது 1941 முதல் 1952 வரை பிரிட்டிஷ் அரசின் யுட்டிலிட்டி என்ற சிக்கன உற்பத்தித் திட்டத்தில் தயாரான உடை. போர்க்காலத்தில் மடிப்பு, பொத்தான், பை ஆகியவற்றின் எண்ணிக்கைக்குக்கூட வரம்பு இருந்தது; துணியைச் சிக்கனமாக வெட்டிய அந்த உடைகளில் பிரித்துவிட இடம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மல்லிகைச்சரம் எழுதியது:

அணியும் விதத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1947 பிப்ரவரியில் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் பாரிசில் காட்டிய வடிவத்தின் வழிவந்தவை இந்த கவுன்கள். இடுப்புக் கோடுதான் இவற்றின் உயிர். அலுவலகத்துக்கு மேலே ஏதேனும் அணிந்தால் இடுப்போடு முடியும் குட்டைக் கார்டிகனாக இருக்கட்டும், தொடை வரை நீண்டது அந்தக் கோட்டை மூடிவிடும். கவுனோடு தைத்துக் கொடுத்த துணி பெல்ட் பெரும்பாலும் தொலைந்துபோயிருக்கும். ஓர் அங்குல அகலத்தில் எளிய தோல் பெல்ட் போதும். பாவாடை விரிந்து நிற்க வலைத்துணி உள்பாவாடை வேண்டும். சேலைக்குக் கட்டும் உள்பாவாடையை அணிந்து சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நாடா முடிச்சு இடுப்பில் தடித்து, நீங்கள் பாடுபட்டுச் சரிசெய்த ஓர் அங்குலத்தை விழுங்கிவிடும். காலணி, கைப்பை, சிகை அனைத்தையும் அந்தக் காலத்துக்கே கொண்டுபோனால் மேடை வேடம் போலாகிவிடும் என்பது என் கருத்து. உடை ஒன்று பழையதாக இருக்க, மற்றவை இன்று நீங்கள் வழக்கமாக அணிபவையாக இருக்கட்டும். வரவேற்புக்குச் சிறிய ஜிமிக்கி அழகாக இருக்கும். பெரிய பூ அச்சுக்குக் கழுத்தில் எதுவும் தேவையில்லை.

கருநீலம் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. இணையத்தில் கிமோனோ கை வைத்த ஒரு கவுனைக் கண்டேன். தட்டையாக அளந்து மார்பு 19, இடுப்பு 15, பிடரி எலும்பிலிருந்து இடுப்புத் தையல் வரை 15 அங்குலம் என்று விற்பவர் தெரிவித்துள்ளார். என் முதுகின் நீளம் பதினைந்தரை. அந்த அரை அங்குலம் பொருட்படுத்த வேண்டியதா?

ஊசிநூல் எழுதியது:

பொருட்படுத்த வேண்டியதுதான். இடுப்புத் தையல் உங்கள் இடுப்புக்கு அரை அங்குலம் மேலே, விலா எலும்பை நோக்கி உட்காரும். அங்கே உடலின் சுற்றளவு 30-ஐவிடக் கூடுதலாக இருக்கும். இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டி, அதற்கு அரை அங்குலம் மேலே டேப்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். 31-க்குள் வந்தால் இரண்டு அங்குலம் பிரித்துவிட்டு நிம்மதியாக அணியலாம். அதற்கு மேல் போனால் விட்டுவிடுங்கள். பணம் அனுப்புமுன், பக்கத் தையலின் உட்புறத்தை டேப் வைத்துப் படமெடுத்து அனுப்பும்படி விற்பவரைக் கேளுங்கள். பஞ்சுப்பொதி சொன்ன நிற வேறுபாடும் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.