டெலிகேட்: ‘ஏவி’யா, ‘ஏவலி’யா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் வரும் டெலிகேட்டுக்குத் தமிழ்ச் சொல்லாகப் ‘பேராளர்’ வேண்டாம். மாநாட்டுக்குப் போகிறவர் பேராளர். நினைவகத்தில் கிடக்கும் பொருளைப் ‘பேராளர் வந்தார்’ என்று எப்படி எழுதுவது? ‘பதிலி’ பிராக்ஸி என்ற வேறொரு கலைச்சொல்லுக்குப் போய்விட்டது. தவிர, மில்லில் பதிலி என்றால் வராதவர் இடத்தில் நின்று தானே வேலை பார்க்கிற ஆள். டெலிகேட் வேலை பார்ப்பதில்லை. எந்தச் செயற்கூறைக் (ஒரு வேலைக்கான நிரல் துண்டு, மெத்தட்) கூப்பிடணும், அது எந்தப் பொருளுடையது, இந்த இரண்டையும் பிடித்து வைத்துக்கொண்டு, நேரம் வரும்போது ஏவுகிறது. அதனால் ‘ஏவி’ என்கிறேன்.

சி ஷார்ப்பில் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் நம்ம தாமிரபரணிக் கால்வாய்களின் பெயர்களையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு முழு எண்ணை வாங்கி, எதையும் திருப்பாத ஏவி வகை. அதில் ‘மடைதிற’ என்றொரு மாறி.

மடைதிற = நெல்லைக்கால்;
மடைதிற += பாளையங்கால்;
மடைதிற += கோடகன்கால்;
மடைதிற(150);

மூன்று செயற்கூறும் அதே அளபுருவை, அதாவது ஒரு முழு எண்ணை, வாங்கணும். முதல் மூன்று வரியில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி கூடாது. போட்டால் அது அழைப்பாகிவிடும். திருப்ப மதிப்பில்லாததால், நிரலை மொழிமாற்றும் கம்பைலர் அந்த வரியிலேயே பிழை சொல்லும். வெறும் பெயரைத் தரும் இந்த வசதி 2005இல் இரண்டாம் பதிப்போடு வந்தது.

சேர்த்த வரிசையில்தான் அழைப்பு போகும். பாளையங்காலில் விதிவிலக்கு (ஓடும்போது வரும் பிழை) எழுந்தால் கோடகன்காலுக்கு அழைப்பே போகாது. மேல்மடை உடைந்தால் கடைமடை காய்கிற கதைதான். மூன்றும் ஓடியே ஆகணும் என்றால் ஏவி வைத்திருக்கும் செயற்கூறுகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றையும், பிழையைப் பிடிக்கிற தனித்தனி டிரை-கேட்ச்சுக்குள் அழைக்கணும். மதிப்பு திருப்பும் வகையாக இருந்தால் கடைசிச் செயற்கூறின் மதிப்பு மட்டும் கைக்கு வரும்.

*

தம்பி,

காரணம் சரி, சொல் இடறுகிறது. ‘ஏவி அழைத்தது’ என்று எழுதினால் ஏவி பெயரா, வினையெச்சமா? படிக்கிற பிள்ளை அங்கேயே நின்றுவிடும். ‘ஏவலி’ என்று வைப்போம். செயலிலிருந்து செயலி வந்த மாதிரி ஏவலிலிருந்து ஏவலி. அந்தச் செயற்கூறுகளின் பட்டியலான இன்வொகேஷன் லிஸ்ட்டுக்கு ‘ஏவல் பட்டியல்’ தானாக அமைகிறது. பில்லி, ஏவல் நினைவு வருமே என்பவர்களுக்கு இலக்கணத்தின் ஏவல் வினையைக் காட்டலாம்.

அசைன் (மாறியில் வைப்பது) என்பதற்கு ஒரே சொல் போதாது. சமக்குறிக்கு ‘அமர்த்து’, கூட்டல் சமக்குறிக்குச் ‘சேர்’. மூன்றாம் வரியில் கூட்டல் குறி விட்டுப்போனால் முன்னே சேர்த்த இரண்டும் சத்தமில்லாமல் போய்விடும்; கம்பைலர் ஒன்றும் சொல்லாது. இரண்டு சொல் இருந்தால் பிழையைப் பேச்சிலேயே பிடித்துவிடலாம்.

கழித்தல் சமக்குறிக்கு ‘நீக்கு’. கடைசிச் செயற்கூறையும் நீக்கினால் ஏவலி வெற்றாகிவிடும்; அதை நேரே ஏவினால் நிரல் விழும். பெயர் வைக்காமல் அங்கேயே எழுதும் செயற்கூறான லாம்டாவைச் சேர்த்துவிட்டு, அதையே திரும்ப எழுதி நீக்கினால் நீங்கும் என்று நம்ப முடியாது. நீங்காவிட்டால் அது பிடித்திருக்கிற பொருளும் நினைவகத்தில் தங்கிவிடும். லாம்டாவை ஒரு மாறியில் வைத்துச் சேர்த்தால், அதே மாறியைக் கொண்டு நீக்கலாம்.