பன்முகத்தன்மைப் பயிற்சிகளும் அறிவிப்புப் பலகைகளும்: பிரித்தானியாவில் நாம் கண்டவை

லண்டனிலிருந்து, தாதி ஒருவர்:

தேசிய சுகாதார சேவையின் வைத்தியசாலை ஒன்றில் நீண்டகாலம் வேலை பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சமத்துவமும் பன்முகத்தன்மையும் பற்றிய கட்டாயப் பயிற்சியை எங்கள் வார்டில் பெரும்பாலானோர் இரவுப் பணியில், நோயாளிகள் கண்ணயர்ந்த பிறகு, கணினியில் முடிப்பார்கள். பக்கங்களைப் படிக்காமலே 'அடுத்தது' என்பதை அழுத்திக்கொண்டே போய்க் கடைசிக் கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் சான்றிதழ் வந்துவிடும். அந்தப் பதில்களும் வார்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அதே வார்டில் மருந்துப் பதிவேட்டில் கையொப்பமிடத் தவறிய கேரளத்துத் தாதி ஒருவர் முறையான ஒழுக்காற்று விசாரணைக்கு அனுப்பப்பட்டார். சில வாரங்களுக்குள் அதே தவறைச் செய்த வெள்ளையினச் சக ஊழியரிடம் மேலாளர் தேநீர் அறையில் இரண்டு வார்த்தை பேசியதோடு விடயம் முடிந்துவிட்டது. யார் யார் விசாரணைக்கு அனுப்பப்படுகிறார்கள், நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்களில் யாருக்கு வேலை கிடைக்கிறது என்பதை இனவாரியாகக் கணக்கிட்டு வெளியிடும் கடமை 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் நிர்வாகமும் அந்தக் கணக்கைத் தவறாமல் வெளியிட்டது. அதைக் காட்டி மேலாளரிடம் நியாயம் கேட்டபோது, "அதற்காகத்தானே எல்லோருக்கும் பயிற்சி கொடுக்கிறோம்" என்றார். இந்தத் திட்டங்கள் மீது எனக்குள்ள குறை முழுவதும் அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது: அநீதியைச் சுட்டிக்காட்டினால், அதற்கு மறுமொழியாகச் சான்றிதழை நீட்டுகிறார்கள்.

லண்டனில் 1993இல் இனவெறியர்கள் குத்திக் கொன்ற கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் வழக்கைப் பொலிஸார் விசாரித்த விதத்தை ஆராய்ந்த மக்பர்சன் அறிக்கை 1999இல் 70 பரிந்துரைகளை முன்வைத்தது. இனவெறிச் சம்பவங்களை எப்படிப் பதிவுசெய்வது, பாதிக்கப்பட்ட குடும்பத்தை எப்படி நடத்துவது, பொலிஸார் யாருக்குப் பொறுப்புக் கூற வேண்டும் என்பவையெல்லாம் அதில் இருந்தன. பயிற்சி அவற்றில் ஒரு பகுதிதான். ஆனால் நிறுவனங்கள் பலவும் இறுகப் பற்றிக்கொண்டது அந்தப் பகுதியைத்தான், ஏனென்றால் அதை நடத்துவதற்கு எந்த அதிகாரியும் தன் முடிவுகளை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

உள்ளுணர்வில் ஊறிய பாரபட்சத்தைக் களைவதற்கான பயிற்சி மனிதரின் நடத்தையை மாற்றுகிறது என்பதற்குச் சான்று குறைவு என்று சமத்துவ, மனித உரிமை ஆணைக்குழு வெளியிட்ட ஆய்வே 2018இல் சொல்லியிருந்தது. 2020 டிசம்பரில் அரசாங்கம் தன் சிவில் சேவையில் அதை நிறுத்துவதாக அறிவித்தபோது, பயிற்சியைக் குறை சொல்லிவந்த நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழ்ச்சி வரவில்லை. அந்தப் பயிற்சி வீண் என்று கைதட்டிய பலர், பாகுபாடே பெரிதாக இல்லை என்று நம்புகிறவர்கள். அவர்களோடு ஒரே வரிசையில் நிற்க எனக்கு விருப்பமில்லை.

பர்மிங்ஹாமிலிருந்து, ஆற்காட்டுப் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர்:

மேலே எழுதிய சகோதரியின் அனுபவம் வேலைத்தலத்தைப் பற்றியது. என்னுடையது ஓர் அருங்காட்சியகத்தைப் பற்றியது. வேல்ஸில் உள்ள பவிஸ் கோட்டையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவராக இருந்த ராபர்ட் கிளைவும், பின்னாளில் சென்னை ஆளுநராக இருந்த அவர் மகன் எட்வர்டும் சேர்த்த இந்தியப் பொருட்கள் இருக்கின்றன. திப்பு சுல்தானின் கூடாரமும் அங்கேதான். அந்தக் கோட்டையையும் நாட்டின் வேறு பல பழைய மாளிகைகளையும் பராமரிக்கும் தேசிய அறக்கட்டளை (National Trust), தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் காலனியத்தோடும் அடிமை வணிகத்தோடும் இருந்த தொடர்பை 2020 செப்டம்பரில் அறிக்கையாக வெளியிட்டதும், வரலாற்றைத் திருத்தி எழுதுகிறார்கள் என்று பெரிய சண்டை மூண்டது.

நான் போயிருந்தபோது வயதான ஆங்கிலேயர் ஒருவர், காலனியத் தொடர்பைச் சொல்லும் விளக்கப் பலகைகளைப் பற்றி, இதற்காகவா அறக்கட்டளைக்கு உறுப்பினர் சந்தா கட்டுகிறேன் என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். என் ஊர் ஆற்காட்டுக்கு அருகில் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. 1751இல் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைக் காத்து நின்ற முற்றுகையைப் பள்ளியில் படித்ததாகச் சொல்லி, அந்தக் கோட்டை இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தார். டெல்லி கேட் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்றேன். கிளைவின் வீரத்தை அவர் விவரமாக அறிந்திருந்தார், ஆனால் கோட்டைக்கு வெளியே வாழ்ந்த நெசவாளரும் உழவரும் அந்தப் போர்களில் என்ன ஆனார்கள் என்று கேட்டபோது, அதைப் பற்றி யாரும் தமக்குச் சொன்னதில்லை என்றார். அதைச் சொல்லத்தான் பலகைகள் வேண்டும் என்பது என் கட்சி. இப்போது எழுதப்படுபவற்றில் பல, பிரிட்டிஷார் தம் முன்னோரைப் பற்றித் தமக்குள் நடத்தும் வழக்காகவே படுகிறது. நம் ஊர் மக்கள் அதில் சாட்சிகளாகக்கூட வருவதில்லை. அவரோ கடைசிவரை தம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டதாகவே பேசினார். அடுத்த ஆண்டுச் சந்தாவைக் கட்டப்போவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.