மறு: ‘உண்ணல் பிறழ்வு’க்கு மாற்றாக ‘உண்குலைவு’

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

உண்ணும் முறையே நோயாகிவிடும் நிலையை ஆங்கிலத்தில் ‘ஈட்டிங் டிஸ்ஆர்டர்’ என்பர்; அதற்குப் பட்டர்வொர்த் அம்மையார் முன்வைத்த ‘உண்ணல் பிறழ்வு’ என்னும் சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். ‘பிறழ்வு’ என்பதற்கு விலகல் என்றே அகராதி பொருள் சொன்னாலும், கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் அணியப்படுத்தும் துண்டறிக்கையை வாங்கிப் படிக்கப்போகும் திருநங்கையரும் திருநம்பியரும் அதை வசைச்சொல்லாகவே கேட்டுப் பழகியவர்கள். ‘பசியின்மை நோய்’ அதைவிடப் பிழையானது. இந்நோய்களுள் ஒன்றான அனோரெக்சியா உள்ளவருக்குப் பசிக்கும், பசித்தும் உண்ண முடியாமல் தம்மைத் தடுத்துக்கொள்கிறார் என்பதே சிக்கல்.

மலாயில் இதைக் ‘கங்குவான் மாக்கான்’ என்பர். தொண்டர் ஒருவர் அதை அப்படியே ‘சாப்பாட்டுத் தொல்லை’ என்று பெயர்த்திருந்தார். விடுதிச் சமையலைப் பற்றிய புகார்போல் இருந்தது. ஆனால் ‘கங்குவான்’ ஆளைக் குறைகூறாமல் நிலை குலைந்திருப்பதை மட்டும் சுட்டுகிறது. அவ்வழியே ‘உண்குலைவு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். இலக்கணம் கருதி ‘உண்ணற்குலைவு’ என விரிப்பாருக்கும் என் மறுப்பில்லை.

சொல்லைவிட வரையறையில்தான் கவனம் வேண்டும். ‘மெலிய விரும்பி உணவைக் குறைத்தல்’ என்று எழுதினால் பலர் விடுபடுவர். மாதவிடாய் நிற்கவேண்டும், மார்பு தெரியக்கூடாது என்பதற்காகவே பட்டினி கிடக்கும் திருநம்பி உண்டு. அவருக்கு ஒல்லியாவது நோக்கமன்று. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடுகூட, 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் மாதவிடாய் நிற்றலை அனோரெக்சியாவின் கட்டாய அடையாளங்களிலிருந்து நீக்கியது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் 223 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 289,024 மாணவரிடையே, உண்குலைவு இருப்பதாகக் கண்டறியப்பட்டோர் விகிதம் திருநரிடமே மிகுதி என்று காட்டியது.

நம் ஊருக்கென ஒரு வரியும் சேர்க்கவேண்டும். தைப்பூசத்துக்கு முன் விரதம் இருப்பவரை யாரும் ‘ஏன் சாப்பிடவில்லை’ என்று கேட்பதில்லை. பத்துமலைக்குக் காவடி எடுத்து முடித்த பின்னும் விரதம் தொடர்ந்தால், அதை மெல்லக் கேட்க ஒருவர் வேண்டும்.

ஆண், பெண் என்னும் வழக்கமான வகைக்குள் அடங்காத உடற்கூற்றுடன் பிறந்த ஊடுபாலரைத் ‘திருநர்’ என்பதற்குள் அடக்காமல் தனியே குறிப்பிடுவதே முறை. அவர்களுள், அட்ரினல் சுரப்பி தேவையான இயக்குநீரைப் போதிய அளவு சுரக்காத ‘பிறவி அட்ரினல் மிகைப்பெருக்கம்’ உள்ள சிலர் நாள்தோறும் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தாகவேண்டும்; உண்டதை வாந்தியெடுத்தால் மாத்திரையும் வெளியேறி உயிருக்கே ஆபத்தாகலாம். இதைத் துண்டறிக்கையில் தடித்த எழுத்தில் அச்சிடவேண்டும் என்பது என் கருத்து.

அளவுமீறி உண்டுவிட்டு அதை ஈடுகட்ட முயலும் புலிமியா என்னும் உண்குலைவுக்கு ‘உண்டுகக்கல்’ போதாது; பேதி மாத்திரை விழுங்குவோரும், கடும் உடற்பயிற்சியால் ஈடுகட்டுவோரும் அதில் அடங்கமாட்டார்கள். ‘மிகையூண் ஈடுகட்டல்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். நீளமாக இருப்பதால் எனக்கே நிறைவில்லை. அச்சுக்குப் போகுமுன் இதைவிடச் சுருக்கமான சொல் தோன்றினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.