மறு: 'மெயில் ஃபார்வர்டிங்' – முன்னனுப்பா, மேலனுப்பா, மடைமாற்றா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆள்களத்துக்கு (நம்தளம்.காம் போன்ற இணையப் பெயருக்கு) டிஎன்எஸ், அதாவது அந்தப் பெயரை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பெயரேடு, அமைப்பது, அதற்கு வரும் மின்னஞ்சலை வேறொரு பெட்டிக்குப் போகவைப்பது, இந்த இரண்டையும் விளக்கும் உதவிப் பக்கத்தைத் தமிழில் எழுதத் தொடங்கி, 'ஃபார்வர்டிங்' என்ற ஒரு சொல்லிலேயே நிற்கிறோம். இதுவரை வந்த மடல்களை எல்லாம் படித்தேன். என் கருத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'முன்னனுப்பு'. ஃபார்வர்ட் என்றால் முன் என்று வைத்துக் கட்டிய சொல் இது. ஆனால் தமிழில் ஒரு செயலுக்கு முன்னால் 'முன்' ஒட்டினால் நம் காதில் விழுவது காலம்தான். முன்பதிவு, முன்பணம், முன்னறிவிப்பு எல்லாமே அப்படித்தானே. 'முன்னனுப்பிய மடல்' என்று படிக்கிறவர் முன்பே அனுப்பிய மடல் என்று எடுத்துக்கொண்டால் தப்பு அவர்மேல் இல்லை. 'மேலனுப்பு' அதைவிடப் பரவாயில்லை. மேற்கொண்டு, மேற்படிப்பு என்பதில் வருகிற 'மேல்' அது. ஆனாலும் மேலிடத்துக்கு அனுப்புவது என்ற வாடை அடிக்கிறது. சரி, இதெல்லாம் சின்னச் சண்டை. பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் மூன்று வேறு வேலைகளுக்கு இந்த ஒரே சொல்லைப் போட்டுவிட்டார்கள். வந்த மடலைத் திறந்து, பொத்தானை அழுத்தி, இன்னொருவருக்கு அனுப்புகிறோமே, அது ஒன்று. அங்கே புதிய மடல் உருவாகிறது, அனுப்புநர் நாம். இரண்டாவது, ஒரு முகவரிக்கு வரும் மடல் எல்லாவற்றையும் யாரும் கை வைக்காமலேயே வழங்கி (செர்வர்) தானே வேறொரு முகவரிக்குத் தள்ளிவிடுவது. மூன்றாவது, இணையதள முகவரியைத் தட்டினால் உலாவி வேறொரு முகவரிக்குப் போய்விடுவது. இந்த மூன்றாவதற்கும் மின்னஞ்சலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது டிஎன்எஸ்ஸில் நடப்பதும் இல்லை, ஒரு வலை வழங்கி 301 அல்லது 302 என்று பதில் சொல்லி உலாவியை வேறு இடத்துக்கு அனுப்பிவைக்கிறது, அவ்வளவுதான்.

கட்டுப்பாட்டுப் பலகையில் 'டொமைன் ஃபார்வர்டிங்', 'மெயில் ஃபார்வர்டிங்' இரண்டும் அடுத்தடுத்த பொத்தான்களாக இருக்கும்போது என்ன ஆகிறது என்று நானே பார்த்திருக்கிறேன். தெரிந்தவர்கள் நடத்தும் ஒரு சிறு அமைப்பு, புதிதாக ஆள்களம் வாங்கியிருந்தார்கள். முதல் பொத்தானை அழுத்திப் பழைய தளத்தின் முகவரியைக் கொடுத்துவிட்டு, இனி மடலும் அங்கே வந்துவிடும் என்று நம்பி, புதிய மின்னஞ்சல் முகவரியை அச்சடித்தும் கொடுத்துவிட்டார்கள். தளம் சரியாகப் போனது, மடல் ஒன்றுகூட வரவில்லை. அனுப்பியவர்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது. அவர்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. இரண்டு பொத்தானிலும் ஒரே சொல் இருந்தது, ஒரே வேலை என்று நினைத்தார்கள். நாமும் மூன்றுக்கும் 'முன்னனுப்பு' என்று எழுதினால் அந்தக் குழப்பத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருகிறோம். ஆங்கிலத்தில் வேர்விட்டுப் போன தவறு அது, அவர்களால் இனிப் பிடுங்க முடியாது. நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ஆகவே பொத்தான் அழுத்தி அனுப்புவதற்கு 'மேலனுப்பு' இருக்கட்டும். இணைய முகவரிக்கு 'வழிமாற்றம்', இதை யாரும் மறுக்கவில்லை. வழங்கி தானாகச் செய்வதற்கு நான் முன்வைப்பது 'மடைமாற்று'.

ஏன் என்று சொல்ல, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒருவர் தொடர்பு@நம்தளம்.காம் என்ற முகவரிக்கு எழுதுகிறார். அவருடைய வழங்கி, நம்தளம்.காம் என்ற பெயருக்கு எம்எக்ஸ் என்ன, அதாவது அதன் அஞ்சலை வாங்கும் வழங்கி எது, என்று டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது, வந்த பதிலில் உள்ள வழங்கியின் கதவைத் தட்டுகிறது. அங்கே மடலைப் போட்டுவைக்கப் பெட்டியே கிடையாது. தொடர்பு என்ற பெயருக்கு வந்தால் இன்ன முகவரிக்கு விடு என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. வந்த மடலைப் பிரிக்காமல், உள்ளே ஓர் எழுத்தும் மாற்றாமல், அடுத்த வழங்கிக்கு விட்டுவிடுகிறது. வயலுக்குப் பாயும் தண்ணீரை ஒரு வாய்க்காலில் அடைத்து இன்னொன்றில் திறந்துவிடுவது போலத்தான் இது. தண்ணீர் அதேதான், போகும் வாய்க்கால் வேறு. பழைய வாய்க்காலில் ஒன்றும் தங்காது என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது பாருங்கள். பலரும் தெரியாமல் ஏமாறுவது அங்கேதான், நம்தளத்திலும் ஒரு படி (நகல்) இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். படி வேண்டும் என்றால் 'படி வைத்து மடைமாற்று' என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஐயா ஒருவர் எழுப்பிய மறுப்பு நியாயமானது. 'நிதியை மடைமாற்றினார்கள்' என்று செய்தியில் படித்துப் படித்து, அந்தச் சொல்லைக் கேட்டாலே மோசடி நினைவுக்கு வருகிறது என்றார். இரண்டு நாள் இதை யோசித்தேன். மடைமாற்றுவது தப்பில்லை, தெரியாமல் மடைமாற்றுவதுதான் தப்பு. மின்னஞ்சலிலும் அதேதான். ஒருவருடைய கணக்குக்குள் புகுந்த திருடர்கள் பல நேரம் முதலில் செய்கிற வேலை, சத்தமில்லாமல் ஒரு ஃபார்வர்டிங் விதியைப் போட்டு வைப்பதுதான். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் மடல்கள் அவர்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும். 'உங்கள் அஞ்சல் மடைமாற்றப்படுகிறது' என்ற எச்சரிக்கையைப் பார்த்து ஒருவர் திடுக்கிட்டு, நானா செய்தேன் என்று ஒருமுறை சரிபார்த்தால் அது அந்தச் சொல்லுக்கு நன்மைதான். 'உங்கள் அஞ்சல் முன்னனுப்பப்படுகிறது' என்று இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

'திருப்பிவிடு' என்று வந்த யோசனை எனக்கும் பிடித்திருந்தது, பேச்சில் சரளமாக வரும். ஆனால் திருப்பி அனுப்பு என்றால் அனுப்பியவருக்கே போவது. முகவரி தவறாக இருந்து மடல் திரும்பி வருகிறதே, அதற்குத்தான் அது வேண்டும். 'திரும்பஞ்சல்' என்று அதற்கு ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறோம், இரண்டும் மோதும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இது முக்கியம். மடைமாற்றத்தில் எஸ்பிஎஃப் உடைவதைத் தமிழில் விளக்க நாம் ஒரு வழி கண்டாக வேண்டும். என் ஆள்களத்தின் பெயரால் மடல் அனுப்ப இந்த இந்த ஐபி எண்ணுள்ள வழங்கிகளுக்கே உரிமை என்று டிஎன்எஸ்ஸில் எழுதி வைப்பதுதான் எஸ்பிஎஃப். மடலைப் பெறும் வழங்கி பார்ப்பது தன் கதவைத் தட்டியவரின் எண்ணை. மடைமாற்றிய பிறகு தட்டுவது நம்தளத்தின் வழங்கி, அதன் எண் 203.0.113.25 என்று வைத்துக்கொள்வோம். மடலின் உறையிலோ முதலில் அனுப்பியவரின் முகவரி அப்படியே இருக்கிறது. அவருடைய எஸ்பிஎஃப்பில் நம் எண் எப்படி இருக்கும்? ஆக, ஒரு குற்றமும் செய்யாத மடல் தேர்வில் தவறிவிடுகிறது. இதற்கு எஸ்ஆர்எஸ் என்ற முறையில், மடைமாற்றும் வழங்கி உறையிலுள்ள அனுப்புநர் முகவரியைத் தன் ஆள்களத்தின் பெயருக்கு மாற்றி எழுதுகிறது. உள்ளே கடிதம் மாறாது, உறை மட்டும் மாறும். 'உறைமாற்று' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம், கடிதத்துக்கும் உறைக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. டிகிம் என்பது மடலுக்கு அனுப்பும் ஆள்களம் இடும் மின் கையொப்பம். அது கடிதத்தின் உள்ளே போடப்படுவது, ஆகவே வழியில் யாரும் திருத்தாதவரை மடைமாற்றத்தைத் தாண்டியும் செல்லும். குழுமடல்களில் தலைப்பில் ஒட்டும் அடைப்புக்குறியும் அடியில் சேர்க்கும் வரியும் அந்தக் கையொப்பத்தை உடைப்பது இதனால்தான்.

அப்புறம் 'ரெக்கார்டு', டிஎன்எஸ்ஸில் நாம் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஆங்கிலத்தில் அதுதான் பெயர். இதைப் 'பதிவு' என்று எழுதுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆள்களத்தை வாங்குவது பதிவு, விற்பவர் பதிவாளர். அதே பக்கத்தில் 'உங்கள் ஆள்களப் பதிவைத் திருத்துங்கள்' என்றால் எதைத் திருத்துவது? உரிமையாளர் விவரத்தையா, எம்எக்ஸ் வரியையா? 'குறிப்பு' என்போம். குறித்து வைப்பது, இன்னதைக் குறிக்கிறது என்று காட்டுவது, இரண்டு பொருளும் அதில் இருக்கின்றன, டிஎன்எஸ் செய்வதும் அந்த இரண்டையும்தான். எம்எக்ஸ் குறிப்பு, எஸ்பிஎஃப் குறிப்பு. காதுக்கும் உறுத்தவில்லை.

எம்எக்ஸ் குறிப்பில் வரும் எண்ணுக்கு 'முன்னுரிமை' என்று எழுதியிருக்கிறார்கள். 10, 20 என்று இரண்டு வழங்கி இருந்தால் 10 உள்ளதைத்தான் முதலில் நாட வேண்டும், 1986 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 974 என்ற இணைய நெறி ஆவணம் முதலே விதி அதுதான். முன்னுரிமை 20 என்று பார்ப்பவரோ அதுதான் பெரியது என்று நினைக்கிறார், மாற்று வழங்கியை முதன்மை ஆக்கிவிடுகிறார். 'வரிசை எண்' என்று போடுங்கள். வரிசையில் 10 நிற்பது 20க்கு முன்னால் என்பதற்கு விளக்கம் வேண்டாம்.

ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் குறிப்பான சிநேம் பற்றி அக்கா ஒருவர் சொன்ன 'இயற்பெயர்' அருமை, நான் முழுமனதாக ஏற்கிறேன். டபிள்யூடபிள்யூடபிள்யூ என்று தொடங்குவது புனைபெயர், குறிப்பின் வலப்பக்கம் இருப்பது இயற்பெயர். விதிகளும் தாமே விளங்கிவிடுகின்றன: புனைபெயர் உள்ள இடத்தில் வேறு குறிப்பு எதையும் வைக்கக் கூடாது, எம்எக்ஸ் குறிப்பு புனைபெயரைக் காட்டக் கூடாது, இயற்பெயரைத்தான் காட்ட வேண்டும். ஆங்கிலத்திலும் அதன் விரிவு 'கனானிக்கல் நேம்', அதாவது இயற்பெயர் என்பதுதான், ஆனால் சுருக்கத்தைப் பார்க்கிறவருக்கு அது தெரிவதில்லை.

இதே வழியில் ஒன்று எனக்குத் தோன்றியது. போன மாதம் ஓர் எம்எக்ஸ் குறிப்பில் மெயில்.நம்தளம்.காம் என்று தட்டினேன், கடைசிப் புள்ளியை விட்டுவிட்டேன். பலகை அதை முடியாத பெயராக எடுத்துக்கொண்டு, தானே மீதியை ஒட்டி மெயில்.நம்தளம்.காம்.நம்தளம்.காம் என்று ஆக்கிவிட்டது. ஒரு முழு மாலை அதிலேயே போனது. முடிந்த பெயர் என்று காட்டும் அந்தப் புள்ளிக்குத் தமிழில் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, முற்றுப்புள்ளி! அப்படியானால் புள்ளியோடு முடிந்த முழுப்பெயர் 'முற்றுப்பெயர்', புள்ளி இல்லாமல் மீதியை எதிர்பார்த்து நிற்பது 'எச்சப்பெயர்'. வினைமுற்றும் வினையெச்சமும் படித்த யாருக்கும் இது ஒரு நொடியில் புரியும். இலக்கணம் நமக்குக் கொடுத்திருக்கும் இந்த வசதியை விட்டுவிட்டு 'முழுத்தகுதி பெற்ற ஆள்களப் பெயர்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக 'பரவல்'. மாற்றிய குறிப்பு உலகெங்கும் பரவ 48 மணி நேரம் ஆகும் என்று எழுதுவார்கள். எதுவும் பரவுவதில்லை, நண்பர்களே. நம் பெயர் வழங்கியில் மாற்றம் உடனே வந்துவிடுகிறது. முன்பு கேட்டு வாங்கிய பழைய விடையை மற்ற வழங்கிகள் கையில் வைத்திருக்கின்றன, அதன் டிடிஎல், அதாவது அந்த விடையை எத்தனை நொடி வைத்திருக்கலாம் என்று நாம் குறித்தது, முடியும்வரை மறுபடி கேட்பதில்லை. 86400 நொடி என்று போட்டிருந்தால் ஒரு நாள், 300 என்று போட்டிருந்தால் ஐந்து நிமிடம். 'பரவல்' என்று படிப்பவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். 'பழைய விடையின் கெடு முடிய வேண்டும்' என்று படிப்பவர், அப்படியானால் மாற்றுவதற்கு முந்தின நாளே கெடுவைக் குறைத்து வைக்கலாமே என்று தானே கண்டுபிடித்துவிடுவார். அதனால் டிடிஎல்லுக்கு 'கெடு' என்கிறேன். 'வாழ்நாள்' என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள், அதிலும் தவறில்லை. ஆனால் கெடு என்பதை வைப்பவர் ஒருவர் இருக்கிறார், அதைக் கூட்டலாம் குறைக்கலாம் என்பது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது.

இந்தச் சொற்களை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"உங்கள் ஆள்களத்தின் எம்எக்ஸ் குறிப்பில் அஞ்சல் வழங்கியின் முற்றுப்பெயரைத் தாருங்கள், வரிசை எண் 10. குறிப்பின் கெடு 3600 நொடி இருக்கட்டும். பிறகு 'அஞ்சல் மடைமாற்று' பகுதியில், தொடர்பு என்ற பெயருக்கு வருவதை எந்த முகவரிக்கு விட வேண்டும் என்று எழுதுங்கள். இந்த முகவரியில் படி எதுவும் தங்காது. ஆள்களத்துக்கு எஸ்பிஎஃப் குறிப்பு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், பழையது இருந்தால் அதையே திருத்துங்கள்."

இதை டிஎன்எஸ் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, எங்கே நிற்கிறார், எந்தச் சொல்லை மறுபடி படிக்கிறார் என்று பார்த்து எழுதுங்கள். 'கெடு'வில் யாராவது தடுக்கினால் 'வாழ்நாள்' என்றே வைத்துக்கொள்ள நான் தயார், 'மடைமாற்று'க்கு மட்டும் இன்னொரு சுற்று வாதாடுவேன். ஞாயிறு இரவு பக்கத்தை ஏற்றலாம் என்று நினைக்கிறேன், அதற்குள் மறுப்பு இருந்தால் சொல்லிவிடுங்கள்.