பினாட்டு என்று பெயர் வைத்தோம்

செல்லப் பிராணிக்குச் சாப்பாட்டுப் பெயர் வைத்த மூன்று வீடுகளின் கதை.

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து:

எங்கள் நாய்க்குட்டிக்குப் பெயர் வைக்க ஆறு நாள் எடுத்தது. மரைன் டிரைவில் மழையில் நனைந்து கிடந்ததை மகன் புத்தகப் பையோடு சேர்த்து அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். துவாயால் துடைத்துவிட்டுப் பார்த்தால் நல்ல கடும் மண்ணிறம். வெயிலில் நின்றால் காது மடல் மட்டும் செம்மஞ்சளாகத் தெரியும்.

மகன் முதலில் சொன்ன பெயர் வட்டிலப்பம். எதிர் ஃபிளாட் முஸ்லிம் குடும்பம் ஒவ்வொரு பெருநாளுக்கும் எங்களுக்கு ஒரு கிண்ணம் வட்டிலப்பம் கொண்டுவந்து தருவார்கள். கித்துள் கருப்பட்டியும் ஏலக்காயும் படிக்கட்டு வரை மணக்கும். அதனால்தான் அவனுக்கு அந்த ஆசை. அம்மா ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். "அவை அன்பாத் தாற சாப்பாடு ராசா. அதின்ர பேரைச் சொல்லி அவையின்ர வாசலில நிண்டு நாயைக் கூப்பிடக் கூடாது." அம்மா சொன்னது சரி. பெயர் வைப்பது நம் வீட்டுக்குள்தான், ஆனால் கூப்பிடுவது ஊருக்கு நடுவில். அதுவும் எங்கள் பக்கம் ரயில் பாதையைத் தாண்டினால்தான் கடல். குட்டி அந்தப் பக்கம் ஓடினால் ஒரே மூச்சில் கூப்பிடக்கூடிய பெயராக இருக்க வேண்டும்.

ஆறாம் நாள் காலையில் யாழ்ப்பாண பஸ்ஸில் சித்தி அனுப்பிய பார்சல் வந்தது. பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல், அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், பழைய பேப்பரில் சுற்றிய பினாட்டு, அதாவது பாயில் காயவைத்த பனம்பழக் களி. எழுத்தில் பனாட்டு, எங்கள் வாயில் எப்போதும் பினாட்டுதான். அம்மா ஒரு துண்டைக் கிழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடுவில் கருமண்ணிறம், விளிம்பில் செம்மஞ்சள். பாயின் பின்னல் ஒரு பக்கத்தில் வரி வரியாகப் பதிந்திருந்தது. காலடியில் குட்டி அதே நிறத்தில் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. பெயரை யார் முதலில் சொன்னது என்று இப்போது ஞாபகம் இல்லை.

மகன் கொழும்பில் பிறந்தவன், பனம்பழத்தைக் கையால் தொட்டதில்லை. பழத்தைப் பிசைந்து களி எடுப்பதையும், அதைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவிடுவதையும், காய்ந்ததன் மேல் மறுபடி மறுபடி ஊற்றித் தடிப்பாக்குவதையும் அம்மா அன்றுதான் அவனுக்குச் சொன்னார். காகம் கொத்தாமல் தடியோடு காவல் இருந்தது சின்ன வயதில் அவருடைய வேலையாம். இத்தனை வருடத்தில் எனக்குக்கூட அதைச் சொன்னதில்லை.

தடுப்பூசி போடப் போனபோது கார்ட் நிரப்பிய சிங்களப் பெண் பெயரைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே எழுதினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் 'பீனட்' என்று இருக்கிறது. கீழ்மாடி சிங்கள அன்ரியும் பீனட் என்றுதான் கூப்பிடுகிறார். இரண்டுக்கும் ஓடி வருகிறது, அதனால் நான் பேசாமல் இருந்தேன். அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. ஒரு தட்டில் நாலு துண்டு வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். பனைக்குச் சிங்களத்தில் தல். அந்த ஒரு சொல்லையும் கையசைவையும் வைத்தே முழுக் கதையையும் சொல்லிவிட்டார். அன்ரி முதல் துண்டுக்கு முகத்தைச் சுளித்தார், இரண்டாவதை மெதுவாக மென்றார். கூப்பிடுவது இன்னும் பீனட்தான். ஆனால் யாராவது கேட்டால், தல் பழத்தில் செய்வது என்று இப்போது அவரே சொல்லிக் கொடுக்கிறார்.

தெஹிவளையிலிருந்து:

பெயர் தேடுகிறவர்கள் எங்களுக்கு நடந்ததையும் கேளுங்கள். எங்கள் நாய்க்கு முதலில் வைத்த பெயர் பணிஸ், அதுதான் பேக்கரி பன். உருண்டையாக மினுங்கிக்கொண்டு இருந்ததால் வைத்தோம். பின்னேரம் பாணும் பணிஸும் விற்கும் சூன் பாண் ஆட்டோவின் மெட்டுக் கேட்டதும் பிள்ளைகள் "பணிஸ், பணிஸ்" என்று கேற்றுக்கு ஓடுவார்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அதுவும் ரோட்டுக்குப் பாயும். ஒருநாள் மோட்டார் சைக்கிள் ஒன்று அதன் வாலுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடிக்கிறது.

அதைவிடப் பெரிய பிழை இன்னொன்று. பெயர் பணிஸ் என்பதால் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாரும் ஆசையாக அதற்குச் சீனிச் சம்பல் பணிஸ் ஊட்டியிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரியாது. சோர்ந்து படுத்துவிட்டது, முரசு (பல் ஈறு) வெளிறிவிட்டது. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், பச்சையோ வதக்கியதோ இரண்டும் ஒன்றுதான், பூனைக்கு இன்னும் மோசம் என்று மிருக வைத்தியர் சொன்னார். சீனிச் சம்பலில் வெங்காயம்தானே முக்கால்வாசி! சொக்லேட்டும் திராட்சை வற்றலும் நாய்க்கு நஞ்சுதான், கொடுக்கவே கூடாது. சொக்கோ என்று பெயர் வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நல்லகாலம், தேறிவிட்டது. அப்புறம் பெயரை மாற்றினோம். "பணிஸ் தொதல்" என்று சேர்த்துக் கூப்பிட்டு, வரும்போதெல்லாம் அவித்த கோழி இறைச்சியில் ஒரு சின்னத் துண்டு கொடுத்தோம். பத்து நாளில் முன்பாதியை விட்டுவிட்டோம். தொதல் என்ற இனிப்பு எங்கள் வீட்டில் வருடப்பிறப்புக்கு மட்டும்தான் வரும், அதனால் குழப்பமில்லை. தினமும் மேசையில் புழங்கும் சொல்லைப் பெயராக வைக்காதீர்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

எங்கள் பூனையின் பெயர் மாசி. நாங்கள் யாரும் வைத்ததில்லை. அம்மம்மா கட்டைச் சம்பலுக்கு உரலில் மாசிக் கருவாடு இடிக்கும் சத்தம் கேட்டால் கூரையிலிருந்து இறங்கி வந்து குசினி வாசலில் இருக்கும். "மாசிக்கு வந்திட்டுது" என்பார். அது தேய்ந்து மாசியாகிவிட்டது.

அம்மம்மா போன பங்குனியில் தவறிவிட்டார். இப்போது மிக்ஸியில்தான் அடிக்கிறோம். அந்தச் சத்தத்துக்கு அது வருவதில்லை. கூப்பிட்டால் வருகிறது.