மே மாதக் கடைசி வார விருந்தினர்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

ஞாயிற்றுக்கிழமை

நான், காலை 9:12
அனைவருக்கும் வணக்கம். வருகிற வியாழக்கிழமை முதல் மெமோரியல் டே விடுமுறையான திங்கள் வரை, இன்டர்நேஷனல் மிஸ்டர் லெதர் போட்டியும் அதையொட்டிய கூடுகையும் வழக்கம்போல நம் சிகாகோவில் நடக்கின்றன. அதற்காக வருகிற மூன்று பேரை எங்கள் ரோஜர்ஸ் பார்க் வீட்டில் தங்க வைக்கிறோம். ஒருவர் இரண்டாண்டுகளுக்கு முன் தன் ஊர் லெதர் மதுக்கூடத்தின் பட்டத்தை வென்று இந்த மேடையில் நின்றவர். இந்த முறை வேறொரு போட்டியாளருக்குத் துணையாக வருகிறார். இன்னொருவர் பூட்ஸ் மெருகிடும் கலைஞர். மூன்றாமவர் எழுபதைக் கடந்த பெரியவர். வெள்ளிக்கிழமை மதியம் இவர்களுக்குத் தன் வீட்டில் சாப்பாடு போடுவதாகச் சித்தி சொல்லியிருக்கிறார். நீங்களும் வருவீர்கள் என்பதால், வருகிறவர்கள் யார், எதற்காக வருகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை என்று எழுதுகிறேன்.

அண்ணி, காலை 9:20
தம்பி, நன்றாக வரட்டும். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. இது அழகிப் போட்டி போல ஆண்களுக்கு நடத்தும் அழகுப் போட்டியா? லெதர் என்றால் தோல் உடை அணிந்து நடந்து காட்டுவது மட்டும்தானா?

நான், காலை 9:41
நீங்கள் கேட்டது நல்லதாயிற்று, அண்ணி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் சிலர் மோட்டார் சைக்கிள் மன்றங்களாகச் சேர்ந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1954-இல் தொடங்கிய சாட்டிர்ஸ் மன்றம் அவற்றில் முன்னோடி. ஆண்மை என்றால் என்ன என்பதை மற்றவர்கள் தங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை என்று அவர்கள் நினைத்தார்கள், அந்த நினைப்புக்குத் தோல் ஜாக்கெட்டும் பூட்ஸும் அடையாளமாயின. காதலிலும் காமத்திலும் பெரியவர்கள் இருவர் மனமொப்பிச் செய்வதை மறைக்காமல் பேசுகிற சமூகம் இது. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. சிகாகோவில் சக் ரென்ஸ்லோ என்பவர் நடத்திய கோல்டு கோஸ்ட் மதுக்கூடம்தான் அவர்களுடைய வீடாக இருந்தது. அங்கே நடந்து வந்த மிஸ்டர் கோல்டு கோஸ்ட் போட்டிக்குக் கூட்டம் பெருகி மதுக்கூடம் கொள்ளாமல் போனபோது, அவரும் அவருடைய துணைவர் டாம் ஒரெஹுடோஸும் 1979-இல் அதை உலகப் போட்டியாக்கினார்கள். முதல் பட்டம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த டேவிட் க்ளாஸுக்குக் கிடைத்தது.

உடற்கட்டைப் பார்ப்பதும் உண்டுதான். ஆனால் நடுவர்கள் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து நெடுநேரம் கேள்வி கேட்பார்கள், பிறகு அரங்கு நிறைந்த கூட்டத்தின் முன் போட்டியாளர் தன் மனத்தில் இருப்பதைச் சுருக்கமாகப் பேச வேண்டும். நான் நேரில் கேட்டவற்றில் என் நெஞ்சில் நிற்பவையெல்லாம் அந்தப் பேச்சுகள்தான். வென்றவர் ஓராண்டு முழுவதும் பட்டத்தின் குறுக்குப்பட்டையைத் தோளில் அணிந்து ஊர் ஊராகப் போய் நிதி திரட்டுவார், பேசுவார், புதியவர்களுக்கு வழிகாட்டுவார். 2010-இல் வென்ற டைலர் மெக்கார்மிக் ஒரு திருநம்பி. சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்தவர். அழகுப் போட்டி என்று மட்டும் சொல்லிவிட்டால் அவருடைய வெற்றி புரியாது, அண்ணி.

அண்ணி, காலை 9:50
இப்போது புரிகிறது. அந்தத் துணையாக வருகிற தம்பி என்ன பேசினார் என்று வெள்ளிக்கிழமை அவரையே கேட்கிறேன்.

மாமா, காலை 10:05
மருமகனே, நான் மனம் திறந்து சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே. உன்னையும் உன் துணைவரையும் நாங்கள் ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் என் கடைசி மகனுக்குப் பன்னிரண்டு வயதுதான் ஆகிறது. அவனையும் கூட்டிக்கொண்டு வரும்போது, வருகிறவர்கள் என்ன உடையில் இருப்பார்கள், என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நான், காலை 10:24
நீங்கள் கேட்காமல் மனத்துக்குள் வைத்திருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும், மாமா. போட்டியும் அங்கே நடக்கிற தோல்பொருள் சந்தையும் இரவு விருந்துகளும் முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கானவை. எங்கள் தெருவில் இருக்கிற லெதர் ஆர்க்கைவ்ஸ் அருங்காட்சியகத்துக்குள்கூடப் பதினெட்டு வயது ஆகாதவர்களை விடுவதில்லை. இந்த எல்லைக்கோட்டை நம்மைவிட அவர்களே கண்டிப்பாகக் காப்பவர்கள், ஏனென்றால் மனமொப்புதல் என்பதுதான் அவர்களுடைய முதல் பாடம். குடும்பச் சாப்பாட்டில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உடையைப் பொறுத்தவரை, ஜீன்ஸ், பூட்ஸ், தோல் ஜாக்கெட் அல்லது கையில்லாத ஜாக்கெட் என்ற அளவில்தான் வருவார்கள். அதைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று நான் அவர்களிடம் கேட்க மாட்டேன், மாமா. தங்கள் ஊரில் அதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பவர்கள் அவர்களில் பலர் என்பது எனக்குத் தெரியும். ஓராண்டில் இந்த நான்கைந்து நாள்தான் அதைத் தெருவில் அணிந்து நடக்கிறார்கள். தம்பி ஏதாவது கேட்டால், இது இவர்களுக்குப் பெருமையான உடை என்று சொன்னால் போதும்.

மாமா, காலை 10:31
சரி. அதற்கு மேல் எனக்குக் கேள்வி இல்லை. அவனையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

சித்தி, காலை 10:40
கண்ணா, மூன்று பேரில் யாராவது சைவமா, யாருக்காவது வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டுச் சொல். வத்தக்குழம்பு வைக்கலாமா, அல்லது காரம் குறைவாகச் சாம்பாரே போதுமா? பெரியவருக்குப் பல் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் பொரியலை அதற்கேற்றபடி வேக வைப்பேன்.

நான், காலை 10:52
பெரியவர் சைவம், சித்தி. மற்ற இருவரும் எல்லாம் சாப்பிடுவார்கள், ஒவ்வாமை யாருக்கும் இல்லை. பெரியவருக்கு மட்டும் காரம் குறைத்து விடுங்கள்.

பெரியக்கா, காலை 11:15
நான் வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துவிட்டேன். தம்பி, அவர்களிடம் நாங்கள் எப்படிப் பழக வேண்டும்? தெரியாமல் தவறு செய்துவிடக் கூடாது என்று பார்க்கிறேன்.

நான், காலை 11:30
நம் வீட்டுக்கு வருகிற எந்த விருந்தாளியிடமும் எப்படிப் பழகுவோமோ அப்படித்தான், அக்கா. தனியாக நினைவில் வைக்க வேண்டியவை சிலவே. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. எடுத்தாலும் அவர்கள் சம்மதிக்காமல் எங்கும் போடக் கூடாது. வேலை செய்யும் இடத்தில் தெரிந்தால் பிழைப்புக்கே ஆபத்து என்ற நிலையில் இன்றும் சிலர் இருக்கிறார்கள். ஒருவருடைய தோலுடையை, குறிப்பாகத் தோல் தொப்பியை, கேட்காமல் தொடக் கூடாது. சிலருக்கு அந்தத் தொப்பி மதிப்புக்குரிய ஒருவர் கையால் சூட்டப்பட்டதாக இருக்கும். பூட்ஸ் கலைஞரை அவன் என்றோ அவள் என்றோ நாமாக முடிவு செய்யாமல், எப்படி அழைப்பது என்று அவரையே கேட்டுவிடுங்கள். கேட்பதில் அவருக்கு மகிழ்ச்சிதான்.

அந்தக் கலைஞரின் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மிஸ்டர் லெதருடன் சேர்த்தே 1993 முதல் பூட்ஸ் மெருகிடுபவர்களுக்கும் ஒரு சர்வதேசப் பட்டம் தருகிறார்கள். போன ஆண்டு என் பூட்ஸைக் கொண்டுபோய் அவர் முன் உயரமான நாற்காலியில் உட்கார்ந்தேன். சேணச் சோப்பைக் கையில் நுரைத்து, சிறு பிரஷால் தையலுக்குள் இருந்த உப்புக் கறையைக் கிளறி எடுத்தார். பனிக்காலத்தில் தெருவில் தூவும் உப்பு அது. துடைத்துக் காய விட்டபின், தோலுக்கு ஊட்டம் தரும் மெழுகெண்ணெயைத் துணியால் தொடாமல் விரல்களாலேயே தேய்த்தார். விரல் சூட்டில்தான் அது உள்ளே இறங்கும் என்றார். பிறகு குதிரை மயிர் பிரஷ், கடைசியில் ஒரு சொட்டு நீர் தெளித்த பருத்தித் துணி. அந்த அரை மணி நேரமும் என்னுடைய ஊர், அம்மா, வேலை என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். புதிதாக வந்து யாரையும் தெரியாமல் நிற்கிறவர்கள் அந்த நாற்காலியில்தான் முதலில் மனம் விட்டுப் பேசுகிறார்கள்.

பெரியப்பா, காலை 11:48
ஆம்பூரில் இப்போது இரவு நேரம், எல்லாவற்றையும் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் டேனரியில் தோலோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பிள்ளைக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. கைச்சூட்டில் எண்ணெய் இறங்கும் என்பது முற்றிலும் உண்மை. எங்கள் அப்பா காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கும் கடைசியில் கையால்தான் எண்ணெய் பூசினார்கள். அந்தப் பெரியவரைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லையே?

நான், மதியம் 12:20
அவரைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் காத்திருந்தேன், பெரியப்பா. அவர் இளம் வயதில் கோல்டு கோஸ்டுக்குப் போய் வந்தவர், 1979-இல் நடந்த முதல் போட்டியைக் கூட்டத்தில் நின்று கண்ணால் பார்த்தவர். அவருடைய துணைவர் எய்ட்ஸ் நோயால் இறந்தபோது, அதுவரை எட்டிப் பார்க்காத குடும்பம் வந்து அறையைக் காலி செய்தது. கடிதங்கள், படங்கள், மன்றச் சின்னங்கள் எல்லாம் ஒரே நாளில் குப்பைக்குப் போயின. ஒரு ஜாக்கெட் மட்டும் தப்பியது, ஏனென்றால் அன்று அதை இவர் அணிந்திருந்தார். அந்த நாட்களில் இப்படி எத்தனையோ வீடுகளில் நடந்தது. டாம் ஒரெஹுடோஸையும் 1991-இல் அதே நோய்தான் கொண்டுபோயிற்று. ஏட்டியன் என்ற பெயரில் ஓவியம் வரைந்தவரும் பாலே நடனம் ஆடியவரும் அவரே.

அதே 1991-இல்தான் சக் ரென்ஸ்லோவும் டோனி டிப்ளேஸும் சேர்ந்து லெதர் ஆர்க்கைவ்ஸைத் தொடங்கினார்கள். இனி ஒருவருடைய வாழ்க்கையும் குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது என்ற தவிப்பு அதற்குள் இருந்ததாக நான் உணர்கிறேன். இப்போது இருக்கிற கிரீன்வியூ தெருக் கட்டடத்தை 1999-இல் வாங்கினார்கள். கோல்டு கோஸ்டின் சுவரில் இருந்த ஏட்டியனின் பெரிய ஓவியங்கள் இன்று அங்கே இருக்கின்றன. கறுப்பும் நீலமுமாகப் பட்டைகள், நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை, மூலையில் சிவப்பு இதயம் என்று எங்கள் வீட்டு மாடத்தில் ஒரு கொடி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதை வடிவமைத்தவரும் டிப்ளேஸ்தான். 1989 மே மாதம் இதே போட்டியின்போது முதன்முதலில் காட்டினார். நிறங்களுக்கு என்ன பொருள் என்று கேட்டவர்களிடம், பார்க்கிறவர்களே பொருள் கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை பெரியவரை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறேன். டெவன் அவென்யூவில் நாம் மளிகை வாங்குகிற கடைகளிலிருந்து கிழக்கே வரும் 155-ஆம் எண் பேருந்திலேயே இறங்கிவிடலாம், அவ்வளவு பக்கம். இத்தனை ஆண்டுகளாக அந்தப் பேருந்தில் போய் வந்தும் உங்களில் யாருக்கும் அந்தச் செங்கல் கட்டடத்தை நான் காட்டியதில்லை என்பது எனக்கே உறுத்துகிறது.

பெரியக்கா, மதியம் 12:34
சனிக்கிழமை நானும் வருகிறேன். அவருக்குத் துணையாகக் கை பிடித்து நடக்கவும் ஒருவர் வேண்டுமே.

சித்தி, மதியம் 12:37
அந்தக் குடும்பத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. அவருக்கு வெள்ளிக்கிழமை பாயசமும் வைக்கிறேன்.

புதன்கிழமை

மாமா, மாலை 6:02
நாளை விமான நிலையத்துக்கு நான் போகட்டுமா? ஷாம்பர்கிலிருந்து ஓஹேர் எனக்குப் பக்கம். பெரியவரை ரயிலில் ஏற்றி இறக்க வேண்டாம்.

நான், மாலை 6:10
மிக்க நன்றி, மாமா. பெரியவர் மதியம் 2 மணிக்கு வந்து இறங்குகிறார். மற்ற இருவரும் இரவு வருகிறார்கள். அவர்கள் ப்ளூ லைனில் ஜாக்சன் வரை வந்து, அங்கே ரெட் லைனுக்கு மாறி லொயோலாவில் இறங்குவார்கள். இரண்டும் இரவு முழுவதும் ஓடுவதால் எவ்வளவு தாமதமானாலும் கவலையில்லை. நிலையத்தில் நான் நிற்பேன். ஏரிக்காற்று மே மாதத்திலும் குளிரும் என்பதால் பெரியவர் அந்த ஜாக்கெட்டை அணிந்தே வருவார். அதை வைத்து நீங்கள் அவரை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

பெரியப்பாவிடம் ஒன்று கேட்க வேண்டும். போன ஆண்டு மழையில் நனைந்த அந்த ஜாக்கெட்டை யாரோ ஹீட்டர் பக்கத்தில் காய வைத்துவிட்டார்கள். முழங்கைப் பக்கம் விறைத்து வெடிக்கத் தொடங்கியிருக்கிறதாம். எங்கள் கலைஞர் வெள்ளிக்கிழமை காலையில் அதைக் கையில் எடுக்கப் போகிறார். அவர் எதையாவது கவனிக்க வேண்டுமா?

பெரியப்பா, இரவு 8:45
இங்கே விடிந்துவிட்டது, இப்போதுதான் பார்த்தேன். முதலில் அதை மடிக்கவே கூடாது என்று சொல். வெடித்த இடத்தில் சோப்பு வேண்டாம், ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். எண்ணெயை ஒரே நாளில் நிறையப் பூசினால் தோல் தொளதொளத்து நைந்துவிடும். கொஞ்சமாகப் பூசி, நிழலில் ஒரு நாள் விட்டு, மறுபடி கொஞ்சம் பூச வேண்டும். வெடிப்பு மறையாது, ஆனால் மேற்கொண்டு ஓடாமல் நிற்கும். உட்புறத்திலிருந்து மெல்லிய தோல்துண்டு ஒன்றை ஒட்டுப்போட்டுத் தாங்கலாம். அதற்கு எந்த வகைத் தோல் பொருந்தும் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. உள்பக்க மடிப்புத் தையலில் தோலின் வெட்டு விளிம்பு தெரியும். விளிம்பின் நடுவில் நீலச் சாயை இருந்தால் குரோமில் பதனிட்டது, பழுப்பாக இருந்தால் பட்டையில் பதனிட்டது. அந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. அவரிடம் கேட்டுவிட்டு எடு.